நாற்பதாயிரம் ரூபாயும் ஓர் ஆடி மாதமும்: கல்யாணப் போட்டோகிராபர் அடுத்துக் கற்க வேண்டிய லைட்டிங் எது?

ஆடி பிறந்துவிட்டால் சென்னையில் கல்யாண மண்டபங்கள் வெறிச்சோடிவிடும். எங்கள் கேமரா பைகளும் அலமாரிக்குப் போய்விடும். அந்த மாதத்தில்தான் என்னிடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் போன தம்பிகள் போன் செய்வார்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்.

"அண்ணே, மூணு வருஷமா கேமரா மேல ஒரே ஃபிளாஷை வெச்சு ஓட்டிட்டேன். கையில நாப்பதாயிரம் இருக்கு. ஆஃப்-கேமரா செட் வாங்கட்டுமா, எல்.இ.டி. வாங்கட்டுமா? இல்ல, ஒரு 1.4 லென்ஸை வாங்கிட்டு ஃபிளாஷே வேண்டாம்னு விட்டுடட்டுமா?"

ஆஃப்-கேமரா என்றால் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தனியே வைத்து அடிப்பது. 1.4 என்பது அகலத் திறப்புள்ள, குறைந்த வெளிச்சத்திலும் எடுக்க உதவும் லென்ஸ். இந்த வருடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் எடுப்பது மூன்று விதமான கல்யாணம். ஒருவர் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய மண்டபங்களில் தனி ஆளாக எடுக்கிறார். இன்னொருவர் கேண்டிட் மட்டும், அதாவது போஸ் கொடுக்க வைக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பது. மூன்றாமவர் போட்டோவும் வீடியோவும் சேர்த்து எடுத்து ரீல்ஸும் போட்டுத் தருகிறார். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் போனில் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் கெட்டிமேளம். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போனதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும் வரை அரை நிமிடம்கூட இருக்காது. அதற்குள் முன்வரிசை எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், நாத்தனார் பின்னால் குனிவார், வீடியோ தம்பியின் கை குறுக்கே வரும். இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. அந்த அரை நிமிடத்தில் யோசிக்காமல் கை தானாகச் செய்கிற லைட்டிங்கைத்தான் நமக்குத் தெரிந்த லைட்டிங் என்று நான் கணக்கில் வைப்பேன்.

இரண்டாவது, முகமும் பட்டும். காஞ்சிப் பட்டின் சரிகை கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. விளக்கு எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திருப்பி அடிக்கும். பக்கத்தில் ஹோமச் சூட்டில் வியர்த்த நெற்றி, மஞ்சள் பூசிய முகம், வெள்ளை வேட்டி. இவை எல்லாமே ஒரே சட்டகத்துக்குள் சரியாக வர வேண்டும்.

மூன்றாவது, மேடையில் இருக்கும் மற்றவர்கள். சாஸ்திரிகளின் கண், முதல் வரிசைத் தாத்தாவின் கண், வீடியோ குழுவின் கேமரா, எதிர்த்தரப்பு வீட்டார் அழைத்து வந்திருக்கும் போட்டோகிராபர்.

நான்காவது, எத்தனை கை வேண்டும். ஐந்தாவது, கடைக்காரர் சொல்லும் விலைக்கு மேல் வருடம் முழுவதும் எவ்வளவு போகும். கடைசியில், எத்தனை கல்யாணம் எடுத்தால் அது கைவரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் சுருக்கமாக என் கணிப்பு. பவுன்ஸ் என்றால் ஃபிளாஷை நேராக அடிக்காமல் கூரையிலோ சுவரிலோ பட்டுத் திரும்ப வைப்பது. விவரம் கீழே.

| | பவுன்ஸ் | ஆஃப்-கேமரா ஃபிளாஷ் | எல்.இ.டி. | 1.4 லென்ஸ் மட்டும் |
|---|---|---|---|---|
| கெட்டிமேளத்தில் | வெள்ளைக் கூரை இருந்தால் நம்பலாம் | நன்றாகப் பழகியிருந்தால் மட்டும் | கரண்ட் இருக்கும் வரை நம்பலாம் | ஒரு முகம் கிடைக்கும், பக்கத்து முகம் மங்கும் |
| முகம், சரிகை | மென்மை, கொஞ்சம் தட்டை | நான்கில் சிறந்தது | விளக்கின் தரத்தைப் பொறுத்தது | மண்டப விளக்கு விட்ட வழி |
| கூடுதல் ஆள் | வேண்டாம் | ஒருவர் கட்டாயம் | மேடையில் ஸ்டாண்ட் வைக்க இடம் இருந்தால் வேண்டாம் | வேண்டாம் |
| மறைமுகச் செலவு | எடிட்டிங் நேரம் | உதவியாளர் கூலி | பேட்டரி, வயர், மண்டபக் கரண்ட் | எடிட்டிங் நேரம் |
| கைவர | பத்துக் கல்யாணம் | ஒரு முழு சீசன் | ஒன்றிரண்டு வாரம் | ஏற்கெனவே தெரிந்ததுதான் |

## கேமரா மேல் ஃபிளாஷ், கூரையில் பவுன்ஸ்

"அது எனக்குத் தெரியும் அண்ணே" என்று பலரும் இதைத் தாண்டிப் போகிறார்கள். அவர்கள் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தால் ஃபிளாஷ் தலை எல்லாப் படத்திலும் நேரே மேலே பார்த்து நின்றிருப்பது தெரியும். கண்குழியில் நிழல், மூக்குக்குக் கீழே நிழல், நெற்றியில் மட்டும் வெளிச்சம்.

நேராக அடிக்கும் ஃபிளாஷ் தீப்பெட்டி அளவுள்ள விளக்கு. கூரையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பும்போது அந்தக் கூரையின் வட்டம்தான் விளக்கு. விளக்கு பெரிதானால் நிழலின் ஓரம் மென்மையாகும், சரிகையின் பளீர்ப் புள்ளி பரவி அடங்கும், வியர்வை மினுமினுப்பும் குறையும். இதுவரை எல்லாருக்கும் தெரியும். தெரியாத பாதி, திசை. ஃபிளாஷ் தலையைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் திருப்பி, நமக்குப் பின்னாலுள்ள சுவரும் கூரையும் சேரும் மூலையில் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருவதுபோல ஒரு பக்கமாக வரும். ஒரே ஃபிளாஷ்தான். ஆனால் முகத்துக்கு வடிவம் கிடைத்துவிடும்.

இதற்குச் சென்னையில் மண்டபம் ஒத்துழைக்க வேண்டும். பழைய மண்டபங்களில் கூரை தாழ்வு, சுண்ணாம்பு வெள்ளை. பன்னிரண்டு அடிக் கூரையில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, எஃப் (லென்ஸின் திறப்பு) 2.8 வைத்தால் ஃபிளாஷ் தன் சக்தியில் கால் பங்கைக்கூடச் செலவழிக்காது. அடுத்தடுத்துப் பத்துப் படம் எடுத்தாலும் மூச்சு வாங்காது. ஓ.எம்.ஆர். பக்கம் புதிதாக வந்திருக்கும் பெரிய ஹால்களில் கதை வேறு. கூரை இருபத்தைந்து அடியில் இருக்கும், அதையும் கறுப்பாக அடித்திருப்பார்கள். வெளிச்சம் போகும் தூரம் இரண்டு மடங்கானால் அது நாலில் ஒரு பங்காகக் குறையும். ஃபிளாஷ் முழுச் சக்தியில் அடித்துவிட்டு அடுத்த படத்துக்குத் தயாராக இரண்டு மூன்று நொடி எடுக்கும். பேட்டரி இறங்கியிருந்தால் இன்னும் கூட. கெட்டிமேளத்தில் மூன்று நொடி பெரிய நேரம். இ.சி.ஆர். புல்வெளிக் கல்யாணத்திலும், தெருவில் நடக்கும் மாப்பிள்ளை அழைப்பிலும் கூரையே கிடையாது.

இன்னொரு சிக்கல், அலங்காரத் துணி. மேடைக்கு மேல் மெரூன் துணியோ மஞ்சள் துணியோ கட்டியிருந்தால் பவுன்ஸ் வெளிச்சம் அந்த நிறத்தோடுதான் இறங்கும். முகம் ஒரு நிறம், பின்னணி ஒரு நிறம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாக உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். பவுன்ஸின் மறைமுகச் செலவு இதுதான். ஆயிரத்து ஐந்நூறு படம் உள்ள ஒரு கல்யாணத்தில் இப்படி இரண்டு ராத்திரி போயிருக்கிறது எனக்கு.

டி.டி.எல். பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கேமராவே லென்ஸ் வழியாக அளந்து முடிவுசெய்யும் முறை அது. சட்டகம் நிறைய வெள்ளை வேட்டி இருந்தால் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து ஃபிளாஷைக் குறைத்துவிடும், முகம் இருண்டு போகும். அதே கேமரா ரிசப்ஷனில் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு ஃபிளாஷைக் கூட்டி முகத்தை வெளுக்க வைக்கும். காலையில் சற்றுக் கூட்டியும் மாலையில் சற்றுக் குறைத்தும் வைக்கும் பழக்கம் ஒன்று வந்தாலே பாதிப் பிழை போய்விடும்.

பவுன்ஸ் யாருக்கு: தனி ஆளாக எடுப்பவர், பழைய மண்டபங்களிலும் வீடுகளிலும் நிச்சயதார்த்தம், வளைகாப்பு என்று ஓடுபவர், மேடை முன்னால் நின்று சொந்தபந்தம் எல்லாரையும் எடுக்க வேண்டிய டிரெடிஷனல் போட்டோகிராபர். இதைச் சரியாகக் கற்காமல் அடுத்ததற்குப் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

## ஆஃப்-கேமரா ஃபிளாஷ்

என் வேலையை மாற்றியது இதுதான். முதல் முறை என்னைக் கைவிட்டதும் இதுதான்.

வாங்கிய புதிதில் தி.நகரில் ஒரு முகூர்த்தம். மேடையின் இடது ஓரத்தில் ஸ்டாண்டில் ஃபிளாஷ், வெளிச்சத்தை மென்மையாக்கத் துணிப் பெட்டி மாதிரியான சின்ன சாஃப்ட்பாக்ஸ், அந்த ஃபிளாஷை ரேடியோ மூலம் அடிக்க வைக்கக் கேமராவில் டிரிக்கர். மாலை மாற்றலில் படங்கள் பிரமாதமாக வந்தன. கெட்டிமேளம் கொட்டியபோது நான் அழுத்தினேன், ஃபிளாஷ் அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினேன், அடித்தது. மறுபடி, இல்லை. மூன்றாம் முடிச்சு முடிந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் போட்டோகிராபரும் அதே கம்பெனி டிரிக்கர், அதே ரேடியோ சேனல். அவர் அழுத்தும்போதெல்லாம் என் ஃபிளாஷ் அவருக்காக அடித்துத் தீர்ந்துகொண்டிருந்தது. வாங்கிய நாளன்று கம்பெனி என்ன சேனல் வைத்திருந்ததோ அதையே நாங்கள் இருவரும் மாற்றாமல் வைத்திருந்தோம். நல்லவேளையாக என்னுடன் வந்த தம்பி கேமரா மேல் ஃபிளாஷ் வைத்துப் பவுன்ஸில் எடுத்திருந்தான். ஆல்பத்தில் இருக்கும் தாலிப் படம் அவன் எடுத்தது. அன்றிலிருந்து மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிர்த்தரப்பு போட்டோகிராபரிடம் போய், "என்ன சேனல் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். கோடாக்ஸ் மாதிரியான டிரிக்கர்களில் 32 சேனல் இருக்கிறது, அதோடு தனியாக ஐ.டி. எண்ணும் வைக்கலாம். மாற்றப் பத்து நொடிதான்.

சரி, இத்தனை தொல்லைக்கு என்ன கிடைக்கும்?

முதலாவது, ஹோமப் புகை. முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் புகை வெள்ளைத் திரைபோல முகத்தை மூடும். அதே ஃபிளாஷைத் தம்பதிக்குப் பின்னால், புகையைத் தாண்டி வைத்து நம்மை நோக்கி அடித்தால் புகை ஒளிர்ந்து நிற்கும், முகத்தின் ஓரத்தில் கோடு விழும். ஒரே புகைதான். விளக்கின் இடம் மாறியதும் நமக்கு உதவுகிறது.

இரண்டாவது, அட்சதை. முழுச் சக்தியில் வைக்காவிட்டால் ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பல சமயம் அதைவிடக் குறைந்த நேரமே இருக்கும். அரிசி மணி அந்தரத்தில் அப்படியே நிற்கும். தொடர்ந்து எரியும் விளக்கில் ஷட்டரை 1/100 நொடியில் வைத்து எடுத்தால் அதே அரிசி மெல்லிய கோடாகிவிடும். கோடும் சில படங்களில் அழகுதான். ஆனால் பெண்ணின் பாட்டி கேட்பது அரிசியைத்தான்.

மூன்றாவது, ரிசப்ஷன் மேடையின் எல்.இ.டி. வால். இது இப்போது ஏறக்குறைய எல்லா மண்டபத்திலும் வந்துவிட்டது. பின்னால் சுவரே எரிகிறது, முன்னால் தம்பதி இருட்டில். ஃபிளாஷ் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக ஆளலாம். ஷட்டரை 1/100-லிருந்து 1/200-க்குக் கொண்டுபோனால் வாலின் வெளிச்சம் பாதியாகும், தம்பதி மேல் விழும் ஃபிளாஷ் மாறாது. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 வரைதான் இது நடக்கும். அதைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஃபிளாஷை விட்டுவிட்டு வேகமாகத் துடிக்க வைக்கும் ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் பட்டை போய்விடும், ஃபிளாஷின் சக்தியும் சேர்ந்து இறங்கிவிடும். ஷட்டரைக் கூட்டும்போது வாலில் வரி விழுகிறதா என்று இரண்டு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வைரம். மூக்குத்தியும் தோடும் மின்ன வேண்டுமானால் சின்ன, கூர்மையான விளக்கு வேண்டும். பெரிய சாஃப்ட்பாக்ஸில் வைரம் கண்ணாடித் துண்டுபோல ஆகிவிடும். சரிகைக்குப் பெரிய விளக்கு, வைரத்துக்குச் சின்ன விளக்கு. இரண்டும் சேர வேண்டிய இடம் பெண்ணின் முகம். இதைப் பிடிபட வைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. பெரிய விளக்கை முன்பக்கமும், துணி போர்த்தாத சின்ன ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் பின்பக்கவாட்டிலும் வைக்கிறேன் இப்போது.

முகத்தின் நிறத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், எனக்கு இது முக்கியம். "பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி" என்று கேட்காத வீடு குறைவு. எக்ஸ்போஷரைக் கூட்டி வெளுக்க வைப்பது சுலபம். அப்படி வெளுத்த படத்தில் அந்தப் பெண் இருக்க மாட்டாள். கருநிற முகத்தில் விளக்கு பக்கவாட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு போனால் கன்னத்தில் ஒரு பளபளப்பு வரும், எலும்பின் வடிவம் தெரியும். அந்தப் படத்தைக் காட்டிய பிறகு "கலரா" என்ற பேச்சு எந்த வீட்டிலும் திரும்ப வந்ததில்லை. இதற்காகவே ஆஃப்-கேமரா கற்கலாம்.

இனி செலவு. கோடாக்ஸ் கம்பெனியின் ஏ.டி.200 வகை ஃபிளாஷ், கேமரா மேல் வைப்பதைவிடச் சக்தி கூடியது, முப்பதாயிரத்தை ஒட்டி வரும். அதற்கு மேல் டிரிக்கர், ஸ்டாண்ட், சாஃப்ட்பாக்ஸ், கூடுதல் பேட்டரி, மணல் மூட்டை. மணல் மூட்டையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. குழந்தைகள் ஓடும் மண்டபத்தில் மூட்டை இல்லாத ஸ்டாண்ட் ஆபத்து. எல்லாவற்றையும் விடப் பெரியது உதவியாளர் கூலி. நான் ஒரு வேளைக்கு 1,500 கொடுக்கிறேன். வருடத்துக்கு நாற்பது வேளை என்றால் 60,000. ஃபிளாஷ் விலையைப்போல இரண்டு மடங்கு, அதுவும் ஒவ்வொரு வருடமும். இந்தக் கணக்கைப் போடாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்களின் ஃபிளாஷ்தான் ஆறு மாதத்தில் "புதுசு மாதிரி" என்று விற்பனைக்கு வருகிறது.

உதவியாளர் இல்லாமல் ஸ்டாண்டிலேயே வைத்து எடுக்கலாமே என்று கேட்பார்கள். ரிசப்ஷனில் எடுக்கலாம். வரிசையில் வந்து அதே இடத்தில் நிற்பார்கள், இருபுறமும் குடை விளக்கு வைத்து எடுக்கும் பழைய டிரெடிஷனல் முறையே அதுதான். முகூர்த்தத்தில் முடியாது. எல்லாரும் எழுந்தவுடன் ஸ்டாண்டுக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு மாமா நிற்பார். மோனோபாட் என்ற ஒற்றைக் கம்பில் ஃபிளாஷை மாட்டி மேலே தூக்கிப் பிடிக்கும் ஒரு கைதான் அங்கே வேலைக்கு ஆகும்.

வீடியோ குழுவோடும் பேசிவிட வேண்டும். ஃபிளாஷ் அடிக்கும்போது வீடியோவில் பாதிச் சட்டகம் மட்டும் வெளுத்துப்போகும், கேமரா வரிவரியாகப் பதிவதால் வருவது. தாலி கட்டும்போது நூறு தடவை அடித்தால் அவர்கள் கோபப்படுவது நியாயம். நான் அந்த அரை நிமிடத்தில் பன்னிரண்டு, பதினைந்து படத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆஃப்-கேமரா யாருக்கு: கேண்டிட் எடுப்பவர், எல்.இ.டி. வால் உள்ள ரிசப்ஷன் அதிகம் எடுப்பவர், புல்வெளியிலோ உயரக் கூரை ஹாலிலோ எடுப்பவர், கூட ஒரு நம்பகமான ஆள் இருப்பவர். கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் முதல் மூன்றும் பயன்படாது.

## எல்.இ.டி. விளக்கு

இதைக் கற்க அதிக நேரம் ஆகாது. எரிகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, நகர்த்தினால் நிழல் நகர்கிறது. அதனாலேயே லைட்டிங் கற்றுத்தர இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஃபிளாஷில் அடித்த பிறகுதான் தெரியும், இதில் அடிக்கும் முன்பே தெரியும்.

முகூர்த்தத்துக்கு முன் அலங்கார அறையில் இது அருமை. பெண்ணுக்குப் பூ வைக்கும்போதும், நகைகளைத் தனியாக எடுக்கும்போதும் சத்தமில்லை, பளிச்சென்று அடிப்பதில்லை, வீடியோவும் போட்டோவும் ஒரே விளக்கில் முடியும். ரீல்ஸும் சேர்த்துத் தருகிறவருக்கு இது இல்லாமல் முடியாது.

மேடையில்தான் யோசிக்க வேண்டும். 60 வாட் விளக்கு அறைக்குள் போதும், காலை ஒன்பது மணி வெயில் படும் திறந்த இடத்தில் எரிகிறதா என்றே தெரியாது. முகத்துக்கு நேரே வைத்தால் பெரியவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள், ஒவ்வொரு படத்திலும் அது பதியும். மலிவான விளக்குகளில் பச்சைச் சாயல் இருக்கும். மஞ்சள் பூசிய முகத்தில் அது விழுந்தால் காய்ச்சல்காரர் மாதிரி ஆகிவிடும். வாங்கும்போது சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்தின் சில விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். 1/50 அல்லது 1/100-ல் இருந்தால் படத்தில் பட்டை விழாது, ஷட்டரைக் கூட்டினால் விழலாம்.

மறைந்திருக்கும் ஆபத்து கரண்ட். மண்டபத்தில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் வரை சில நொடி இருட்டு. அது கெட்டிமேளத்தில் வந்தால்? பேட்டரியிலும் ஓடும் விளக்காக இருந்தால் பிழைத்தோம், அந்தப் பேட்டரி தனிச் செலவு. பல மண்டபங்களில் கரண்ட்டுக்கு யூனிட் கணக்கில் வாங்குகிறார்கள், அது வீட்டார் தலையில் விழும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. தரையில் ஓடும் வயரை டேப் போட்டு ஒட்டாமல் ஒருபோதும் விடாதீர்கள். பட்டுப்புடவையும் வயரும் சேர்ந்தால் யாராவது விழுவார்கள்.

எல்.இ.டி. யாருக்கு: போட்டோவும் வீடியோவும் ஒருவரே எடுக்கும் சின்னக் குழுக்களுக்கு. லைட்டிங்கை அடிப்படையிலிருந்து கற்க நினைப்பவருக்கு.

## 1.4 லென்ஸை வாங்கிவிட்டு இருக்கும் வெளிச்சத்தில் எடுப்பது

இதைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கில்லை. ஜன்னல் வெளிச்சம் உள்ள வீட்டிலும் கோயில் கல்யாணத்திலும் அழகான படம் தரும். அதிகாலை நாலரை ஆறு முகூர்த்தத்தில் ஜன்னலில் வெளிச்சம் இருக்காது. டியூப்லைட்டும் மஞ்சள் சீரியல் பல்பும் வீடியோ விளக்கும் கலந்து முகத்தின் இரண்டு பக்கமும் இரண்டு நிறமாக இருக்கும். 1.4-ல் மாப்பிள்ளையின் கை தெளிவாக இருந்தால் பெண்ணின் கண் மங்கும். நல்ல லென்ஸ் என்றைக்கும் நல்ல முதலீடு. ஆனால் அதை வாங்கினால் லைட்டிங் கற்க வேண்டாம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

## யாரிடம் கற்பது

இரண்டு நாள் வொர்க்ஷாப், சீனியரிடம் உதவியாளர் வேலை, வீடியோ பார்த்து வீட்டில் பயிற்சி என்று மூன்று வழி.

வொர்க்ஷாப்பில் மாடல் அசையாமல் நிற்பார். அங்கே எடுத்த படம் நன்றாக இருக்கும், மண்டபத்தில் அதே படம் வராது. பெயர்கள் தெரியவும் கருவிகளைத் தொட்டுப் பார்க்கவும் நல்லது, அவ்வளவுதான். வெளிநாட்டு வீடியோக்களில் பெண் வெள்ளை கவுனில் இருப்பாள். அந்தக் கவுனே கீழிருந்து வெளிச்சத்தைத் தாடைக்குத் திருப்பித் தரும். நம் பெண் அரக்குப் பட்டில் இருப்பாள், அது வெளிச்சத்தை விழுங்கும். அவர்கள் சொல்லும் அமைப்பை அப்படியே வைத்தால் கழுத்துக்குக் கீழே இருட்டு. கீழிருந்து ஒரு வெள்ளைப் பலகையோ சின்ன விளக்கோ நாம் சேர்க்க வேண்டும்.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தவர் சாலிகிராமத்தில் என் பக்கத்து வீட்டில் இருந்த சினிமா லைட்மேன். படப்பிடிப்பு இல்லாத நாளில் மாடியில் உட்கார்ந்து ஒரு தெர்மாகோல் அட்டையை என் கையில் கொடுத்து, "மொதல்ல இதைப் பிடி. வெளிச்சம் எங்க போகுதுன்னு தெரிஞ்சப்புறம் லைட்டைத் தொடலாம்" என்பார். வெளிச்சத்தைச் சேர்ப்பதைவிட வெட்டுவது முக்கியம் என்று கறுப்புத் துணியைக் குறுக்கே பிடித்துக் காட்டியவரும் அவரே. சீனியரிடம் ஐந்து கல்யாணத்துக்கு லைட் பிடியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பிடிக்கிற கைக்கு வெளிச்சம் முதலில் புரிகிறது.

வீட்டுப் பயிற்சிக்கு மாடல் தேவையில்லை. அம்மாவின் பழைய பட்டு ஒன்று, ஒரு குத்துவிளக்கு, ஒரு தேங்காய். பட்டில் சரிகையைப் பாருங்கள், பித்தளையில் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள், தேங்காயில் நிழல் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். ஆடி முடிவதற்குள் கண் பழகிவிடும்.

## அந்த நாற்பதாயிரத்தை நான் எப்படிச் செலவழிப்பேன்

தனி ஆளாக எடுக்கும் மயிலாப்பூர்த் தம்பிக்கு: பெரிய ஃபிளாஷ் வேண்டாம். இப்போதுள்ள ஃபிளாஷில் ரேடியோ வசதி இருந்தால், லித்தியம் பேட்டரியுள்ள இன்னொரு ஃபிளாஷை அதே கம்பெனியில் இருபதாயிரத்துக்குள் வாங்குங்கள். புதியது கேமரா மேல் பவுன்ஸ் அடிக்கும், அதுவே பழையதற்கு டிரிக்கராகவும் இருக்கும். தனி டிரிக்கர் செலவு மிச்சம். ஸ்டாண்டுக்கும் குடைக்கும் மூவாயிரம் போதும். மீதியில் பத்து முகூர்த்தத்துக்கு ஓர் உதவியாளரை வைத்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் வாங்குகிற எதையும்விட அந்த ஒரு கைதான் உங்கள் படத்தை அதிகம் மாற்றும்.

கேண்டிட் தம்பிக்கு: ஏ.டி.200 சரியான தேர்வு, ஆனால் உடனே வாங்க வேண்டாம். வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆவணியில் இரண்டு ரிசப்ஷன், ஒரு முகூர்த்தம் வாடகையில் எடுங்கள். மூன்றாவது கல்யாணத்திலும் அதைத் தேடினால் வாங்குங்கள், பில்லோடு. பில் இல்லாமல் இரண்டாயிரம் மிச்சம் பிடித்தால் பழுதானபோது வாரண்டி இருக்காது. டேப், வயர், செல் எல்லாம் ரிச்சி தெருவில் பார்த்துக்கொள்ளலாம்.

போட்டோ, வீடியோ இரண்டும் எடுக்கும் தம்பிக்கு: பேட்டரியில் ஓடும் நல்ல எல்.இ.டி. ஒன்று. இரண்டு மலிவான விளக்குக்குப் பதில் ஒன்றே போதும். தாலிக்கும் அட்சதைக்கும் மட்டும் இருக்கிற ஃபிளாஷைப் பவுன்ஸில் வையுங்கள்.

மூவருக்கும் பொதுவாக ஒன்று. ஆவணியில் முதல் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை பெரும்பாலும் ரிசப்ஷன் இருக்கும். மேளக்காரர்களும் அலங்காரக்காரர்களும் வேலையாக இருக்கும்போது மணமேடையில் பத்து நிமிடம் நில்லுங்கள். கூரை என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று பாருங்கள். வீடியோ குழு விளக்கை எந்தப் பக்கம் வைக்கப் போகிறது, எதிர்த்தரப்பு போட்டோகிராபர் எந்தச் சேனலில் இருக்கிறார் என்று கேளுங்கள். ஹோம குண்டம் எங்கே வரும் என்று சாஸ்திரிகளைக் கேட்டுவிட்டு, ஏ.சி. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று கையை நீட்டிப் பாருங்கள். காலையில் புகை அந்த வழியாகத்தான் போகும், லைட் பிடிக்கும் தம்பியை அதற்குப் பின்னால் நிறுத்துங்கள்.